யாப்பகுவ: அகழியிலிருந்து மேலே

வெள்ளி, கொழும்பு

மாகோவுக்குப் பக்கத்திலுள்ள பழைய தலைநகரான யாப்பகுவக் கோட்டைக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் கொழும்புக் கறுவாத்தோட்டத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டையின் மிக அழகான கல் சாளரம் ஒன்று இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில்தான் உள்ளது. அதைப் பார்க்காமல் போனால், படிக்கட்டின் உச்சியில் நிற்கும் வாசலில் எது இல்லை என்பதே கண்ணுக்குத் தெரியாது. அதனால் எங்கள் குழு யாப்பகுவ என்று திட்டம் போட்டால், முதல் நாள் பின்னேரத்தை நூதனசாலைக்கு ஒதுக்கிவிடுவது வழக்கம். பொது விடுமுறை நாள் குறுக்கிட்டால் திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

சாளரம் ஒரே கற்பலகை. அதில் நாற்பதுக்கு மேற்பட்ட வட்டங்களை ஒன்றோடொன்று தொடும்படி செதுக்கி, வட்டங்களுக்கு இடையிலும் உள்ளும் கல்லைத் துளைத்து எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் உருவம்: ஆடும் பெண்கள், மிருகங்கள், பறவைகள். நேரே நின்று பார்த்தால் இது தட்டையான அலங்காரம் போலத் தெரியும். பக்கவாட்டில் நகர்ந்து கல்லின் தடிப்பைப் பாருங்கள். தடித்த கல்லைத் துளைத்துக்கொண்டு போகும்போது உளி ஓரிடத்தில் தவறினாலும் முழுப் பலகையும் பயனற்றுப் போயிருக்கும். மரத்தில் செய்யவேண்டிய வேலையைக் கருங்கல்லில் செய்து முடித்திருக்கிறார்கள். பத்து நிமிடம் இதற்கு முன்னால் நின்றால் போதும், நாளைக்குப் படி ஏறும்போது கண் தானாகவே நுணுக்கத்தைத் தேடும்.

அதே நூதனசாலையில் இன்னும் இரண்டு கற்களைப் பார்க்கவேண்டும். ஒன்று காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹே 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவந்தது, காலியில் 1911 இல் கிடைத்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையின் தெய்வமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. யாப்பகுவவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியதுதான். ஆனாலும் நாளைக்கு அங்கே சீனக் காசும் சீனப் பீங்கானும் ஏன் கிடைத்தன என்று யாராவது கேட்டால் இந்தக் கல்லை நினைவுபடுத்தலாம். மற்றது கேகாலைப் பக்கம் கொட்டகமவில் கிடைத்த கல்வெட்டு. யாழ்ப்பாண அரசனான சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைப் பாடும் தமிழ் வெண்பா அதில் இருக்கிறது. ஆரியச் சக்கரவர்த்தி என்ற பட்டம் யாப்பகுவக் கதையில் முக்கியமானது என்பதால் அதையும் தவறவிடக்கூடாது.

வரலாற்றை இன்றைக்கே சொல்லி முடித்துவிடுவது நல்லது. வெயிலில் நிற்பவர்களிடம் ஆண்டுகளை அடுக்கினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

1215 இல் கலிங்க மாகன் பொலன்னறுவையைப் பிடித்தபோது, எதிர்த்தவர்கள் ஆளுக்கொரு மலையைத் தேடிப் போனார்கள். சுபன் என்ற சேனாபதி கோட்டை கட்டிய பாறைதான் யாப்பகுவ என்று பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அரசு தம்பதெனியவுக்கு நகர்ந்தது. இரண்டாம் பராக்கிரமபாகு அங்கே 1236 முதல் 1270 வரை ஆண்டான். அவன் காலத்தில் மலாய்த் தீபகற்பத்துச் சாவக அரசன் சந்திரபானு இரு முறை படையெடுத்து வந்தான். இரண்டாம் முறை அவன் முற்றுகையிடப்பட்டுத் தோற்றது இந்தப் பாறையின் பக்கத்தில்தான். 1272 இல் நான்காம் விஜயபாகுவை மித்தன் என்ற தளபதி கொன்றான். தம்பி புவனேகபாகு உயிர் தப்பி ஓடிவந்த இடமும் இதுவே. பின்னர் கூலிக்கு அமர்த்திய வட இந்திய வீரர்களே மித்தனின் தலையை வெட்டி, புவனேகபாகுவை அரசனாக்கினார்கள். அவன் தம்பதெனியவில் சில காலம் இருந்துவிட்டு, புத்தரின் புனிதப் பல்லான தந்ததாதுவோடு யாப்பகுவவுக்கு இடம் மாறினான். 1284 வரை இங்கிருந்து ஆண்டான்.

ஒரு சின்ன மலைக்கோட்டையின் அரசன் என்று அவனைக் குறைத்து எடைபோடக்கூடாது. 1283 இல் எகிப்தின் மம்லூக் சுல்தானுக்குத் தூது அனுப்பியவன் அவன். தன்னிடம் முத்தும் மணியும் யானையும் கறுவாவும் இருக்கின்றன, வணிகம் செய்வோம் என்பது செய்தி. கொண்டுபோன ஓலையைக் கெய்ரோவில் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை, தூதுவர்கள் வாயால் சொல்லித்தான் விளங்கியது என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அவன் இறந்தபின் நாட்டில் பஞ்சம். பாண்டிய நாட்டை ஆண்ட ஐந்து சகோதரர்கள் அனுப்பிய படையோடு ஆரியச் சக்கரவர்த்தி என்ற தமிழ் அமைச்சர் வந்து, கோட்டைக்குள் புகுந்து, தந்ததாதுவையும் செல்வத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் குலசேகர பாண்டியனிடம் கொடுத்தார். பின்னர் அரசனான மூன்றாம் பராக்கிரமபாகு படை திரட்டவில்லை. நேரே பாண்டியனிடம் போய், நாளாந்தம் பேசிப் பேசி அவன் மனத்தைக் கவர்ந்து தாதுவை மீட்டு வந்தான். யாப்பகுவ மீண்டும் தலைநகராகவில்லை.

நாளைய ஆயத்தம். பத்துப் பேர்வரை என்றால் வேன் போதும், அதற்கு மேலே ரோசா என்ற சிறு பஸ் பிடியுங்கள். வாடகை பேசும்போது மூன்றைத் தெளிவாகக் கேட்கவேண்டும்: எத்தனை கிலோமீற்றர் கணக்கில் அடங்குகிறது, அதிவேகப் பாதைக் கட்டணம் யார் பொறுப்பு, சாரதியின் சாப்பாடு யார் பொறுப்பு. பின்னேரம் திரும்பி வரும்போது வருகிற சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் கேட்காமல் விட்டதால் வருபவை.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர். மேலே ஏறத் தொடங்கினால் வாங்க இடமில்லை. தோளும் முழங்காலும் மூடும் பருத்தி உடுப்பு, பின்னால் வார் உள்ள செருப்பு அல்லது சப்பாத்து. பாட்டா செருப்போடு வருகிறவர்கள் ஏறிவிடுவார்கள், இறங்கும்போதுதான் தடுமாறுவார்கள். சோற்றுப் பார்சல் கட்டுகிறவர்கள் தேங்காய்ப்பால் விட்ட கறியைத் தவிருங்கள். அதிகாலையில் சூட்டோடு கட்டி வேனுக்குள் அடைத்து வைத்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். சோற்றை நன்றாக ஆறவிட்டுக் கட்டவேண்டும். பொரித்த கருவாடு, கத்தரிக்காய்ப் பொரியல், மிளகாய்ச் சம்பல், வறட்டிய உருளைக்கிழங்கு நம்பிக்கையானவை.

சனி, யாப்பகுவ

வெள்ளவத்தையில் காலை 4.30, கொட்டாஞ்சேனையில் 5.00. இதற்குப் பிந்தினால் களனிப் பாலத்திலேயே நேரம் கரையும். பிந்திய அரை மணியைப் பிறகு படிக்கட்டில் வெயிலாகத்தான் கட்டவேண்டி வரும். கண்டி வீதியால் போய் மீரிகமவில் அதிவேகப் பாதையில் ஏறலாம். மீரிகம முதல் குருநாகல் வரையான பகுதி 2022 இல் திறந்தது. அதனால் பழைய வீதியில் வரக்காப்பொல, அலவ்வ நெரிசல் இல்லாமல் போகிறது. குருநாகலில் காலைச் சாப்பாடு. பிறகு வாரியப்பொல, பாதெனிய. பாதெனியச் சந்தியில் இடப்பக்கம் போவது புத்தளம் வீதி, அதை விட்டு அனுராதபுரம் வீதியைப் பிடிக்கவேண்டும். தலதாகமவில் வலப்பக்கம் திரும்பினால் மாகோ, அங்கிருந்து சில கிலோமீற்றரில் யாப்பகுவ.

ரயிலில் வருவதும் நல்ல வழிதான். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை போகும் ரயில்கள் எல்லாம் மாகோச் சந்தியைத் தாண்டித்தான் போகின்றன. எல்லாம் அங்கே நிற்காது என்பதை மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். பொல்கஹவெலவுக்குப் பிறகு பாதை ஒற்றைத் தண்டவாளம் ஆகிவிடுவதால் எதிரே வரும் ரயிலுக்காகக் காத்து நிற்கவேண்டி வரும். திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாகோவில் ஓட்டோ பிடிக்கும்போது போய்வரவும் காத்திருக்கவும் சேர்த்து விலை பேசவேண்டும். போக மட்டும் பேசினால் திரும்பி வர வண்டி கிடைப்பது அதிர்ஷ்டம்.

இனிக் கோட்டை. பெரும்பாலான வழிகாட்டிகள் டிக்கெட் எடுத்த கையோடு ஆட்களைப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போய், சிங்கத்தோடு படம் எடுக்கவைத்து, ஒரு மணி நேரத்தில் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். யாப்பகுவவை அப்படிப் பார்ப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. படிக்கட்டு ஒரு வாசல்தான். நகரம் கீழே இருந்தது.

அதனால் நாங்கள் தொடங்குவது வெளி அகழியில். பாறை ஏறத்தாழ 90 மீற்றர் உயரம். அதுவே கோட்டையின் பின்சுவர். முன்னால் தெற்குப் பக்கம் பாறையில் தொடங்கிப் பாறையிலேயே முடியும் இரண்டு வளைவான மதில்கள், ஒன்றுக்குள் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வெளியே ஓர் அகழி. இன்று அகழி புல் வளர்ந்த பள்ளமாகவும் மதில் பல இடங்களில் வெறும் மண்மேடாகவும் கிடப்பதால், சொல்லாவிட்டால் காலடியில் இருப்பது என்னவென்று தெரியாமல் கடந்துவிடுவார்கள். பள்ளத்துக்குள் இறங்கி நின்று மேட்டை நிமிர்ந்து பார்க்கச் சொல்வோம். அகழியைத் தோண்டிய மண்தான் மதிலாக எழுந்தது. அதனால் பள்ளத்தின் ஆழமும் மேட்டின் உயரமும் சேர்ந்து தாக்க வருகிறவனுக்கு எதிராக நிற்கின்றன. பள்ளத்தில் தண்ணீரும் மேட்டில் வில்லாளரும் இருந்ததாக நினைத்துப் பார்த்தால் இந்த அமைப்பு உடனே விளங்கும்.

வெளி மதிலுக்கும் உள் மதிலுக்கும் நடுவே நடக்கும்போது அவசரப்படக்கூடாது. இங்கும் உள் வளாகத்திலும் கட்டட அடித்தளங்கள், கற்றூண்கள், படிகள் சிதறிக் கிடக்கின்றன. மழைக்குப் பிறகு புல்லுக்குள் அட்டை இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். ஒற்றையடிப் பாதையை விட்டு விலகவேண்டாம். அடித்தளச் செங்கல்லின்மேல் ஏறி நிற்பதையும் எங்கள் குழுவில் அனுமதிப்பதில்லை. எழுநூறு ஆண்டுச் செங்கல் ஓர் ஆளின் பாரத்துக்கே உதிரும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது வரலாறு சொல்லிக் கொடுப்பதைவிட முக்கியம் என்று நினைக்கிறோம்.

இரண்டு அகழிகளையும் கடந்து படிக்கட்டின் அடிக்கு வரும்போது, தாக்க வந்தவனுக்கு எதிரே எத்தனை தடைகள் என்று உடலே கணக்குப் போட்டிருக்கும். படிக்கட்டு மூன்று கட்டங்களாக ஏறுகிறது. முதல் இரண்டும் அலங்காரமில்லாதவை. மூன்றாவதுதான் புகழ்பெற்றது, மிகவும் செங்குத்தானது. படியின் உயரம் அதிகம், கால் வைக்கும் அகலம் குறைவு. நேராக ஏறினால் பாதத்தின் முன்பாதி மட்டுமே கல்லில் பதியும், கெண்டைக்கால் சீக்கிரம் களைத்துவிடும். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, பாதம் முழுவதும் படியில் பதியும்படி ஏறுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டாம் கட்டத்தின் முடிவில் நின்றுவிடலாம். சிங்கங்களும் வாசலும் அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.

சிங்கங்கள் இரண்டும் மூன்றாம் கட்டத்தின் மேற்பகுதியில் இரு பக்கமும் அமர்ந்திருக்கின்றன. பிதுங்கிய கண், திறந்த வாய், சுருண்ட பிடரி. பழைய பத்து ரூபா நோட்டில் இருந்த சிங்கம் இதுதான் என்று சொன்னால் வயதானவர்களுக்கு உடனே பிடிபடும். சீனச் சாயல் என்று பலர் சொல்கிறார்கள். படிக்கட்டின் செங்குத்தைப் பார்த்துக் கம்போடியாவின் அங்கோரை நினைப்பவர்களும் உண்டு. எங்கள் பார்வையில், வாசலின் அடித்தளத்துக்கு வந்ததும் இந்தப் பேச்சை நிறுத்தவேண்டும். அங்கே வரிசையாக ஆடும் பெண்கள், மத்தளக்காரர், தாளம் போடுகிறவர்கள். சுவரை ஒட்டிய அரைத் தூண்கள், அவற்றின் உச்சியில் உத்தரம் தாங்கும் போதிகைகள், மாடக்குழிகள். பாண்டிய நாட்டுக் கோயில் ஒன்றின் அடிப்பீடமான அதிட்டானத்தைச் சுற்றி வந்தவர்களுக்கு இவை புதிதல்ல. மதுரைப் பக்கத்துக் கற்சிற்பக் கலை தெரிந்த கைகள் இங்கே வேலை செய்திருக்கின்றன. சில ஆண்டுகள் கழித்துப் பாண்டியப் படை இந்தப் படிகளில் ஏறியபோது அந்த வீரர்களுக்கு இந்தத் தூண்கள் தங்கள் ஊர் வேலைபோலத்தான் தெரிந்திருக்கும்.

படம் எடுக்கிறவர்கள் கவனிக்கவேண்டியது: படிக்கட்டுத் திறந்த வெளியில் இருப்பதால் 9 மணிக்குப் பிறகு வெளிச்சம் தட்டையாகி, புடைப்புச் சிற்பத்தின் நிழல் மறைந்துவிடும். ஆடும் பெண்களின் உருவம் சாய்வு வெளிச்சத்தில்தான் எழுந்து வரும். காலை முதல் மணித்தியாலம், அல்லது பின்னேரம் 4 மணிக்குப் பிறகு.

வாசலைத் தாண்டினால் ஒரு திறந்த மேடை. தந்ததாது மாளிகை இதுவே என்று ஒரு கருத்து, அரண்மனை என்று இன்னொரு கருத்து. மேலே மிஞ்சியிருப்பது குறைவு என்பதால் முதல் தடவை வருகிறவர்கள் ஏமாற்றம் அடைவதுண்டு. கொழும்பில் பார்த்த சாளரத்தை வாசலின் பக்கத்தில் மனத்தால் பொருத்திப் பாருங்கள். பிறகு திரும்பி நின்று கீழே பாருங்கள். வரும்போது நடந்த இரண்டு வளைவுகளும் மரங்களுக்கிடையே தெரியும். கோட்டையின் வரைபடம் முழுவதும் காலடியில் கிடக்கும் இடம் இது ஒன்றுதான்.

உச்சிக்குப் போவது அவரவர் விருப்பம். மேடைக்குப் பிறகு பாதை கரடுமுரடாகிறது. அடியிலிருந்து உச்சிவரை நிதானமாக ஏற முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மேலே தாதுகோபத்தின் எச்சமும் போதிமர மேடையும் இருக்கின்றன. அரசர்கள் வருமுன்பே இது பிக்குகள் வாழ்ந்த மலை. அடிவாரக் குகை ஒன்றில் பிராமிக் கல்வெட்டும் உண்டு. மழை பெய்திருந்தால் உச்சிக்கு விடமாட்டோம். பாறையில் படர்ந்த பாசி காய்ந்தபோது தெரியாது, நனைந்ததும் வழுக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத இடங்கள் இருக்கின்றன. பாறை இடுக்குகளில் குளவிக்கூடு இருக்கக்கூடும் என்பதால் கூச்சலும் வாசனைத் திரவியமும் வேண்டாம். குரங்குகள் பொலித்தீன் பையின் சத்தத்துக்கே வந்துவிடும், சாப்பாட்டை வேனிலேயே விடுங்கள்.

இறங்குவதற்கு ஏறியதைவிட அதிக நேரம் கொடுங்கள். விழுகிறவர்கள் அநேகமாக இறங்கும்போதுதான் விழுகிறார்கள். கால் நடுங்கும், கண் கைபேசியில் இருக்கும், படியின் விளிம்பு பலர் கால்பட்டு மழுங்கியிருக்கும். பிள்ளைகள் தனியே வராமல், தங்களுக்குக் கீழ்ப்படியில் இறங்கும் பெரியவரோடு சேர்ந்து வரவேண்டும்.

கடைசியில் அங்குள்ள சிறிய நூதனசாலை. சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக் காசுகள் யாப்பகுவவில் ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன, இளம்பச்சைச் சீனப் பீங்கான் துண்டுகளும் அப்படியே. பன்னிரண்டு ஆண்டுக்கும் குறைவாகவே தலைநகராக இருந்த ஊர் இது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே, காட்டுக்கு நடுவே இவை வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது எகிப்துத் தூதும் வெறும் பெருமைப் பேச்சாகத் தோன்றாது. பக்கத்து ரஜமகா விகாரையில் கண்டிக் கால ஓவியங்கள் இருக்கின்றன. செருப்பைக் கழற்றவேண்டும், மதியத்தில் மணல் சுடும், காலுறை போட்டுக்கொள்ளலாம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக்கூடாது.

பார்சல் சாப்பாடு விகாரை எல்லைக்கு வெளியே, மரநிழலில். 2 மணிக்குப் புறப்பட்டால் இருட்டுமுன் கொழும்பு.

ஞாயிறு, தம்பதெனிய

வாரக் கடைசியில் இன்னும் அரை நாள் மிச்சமிருந்தால் தம்பதெனியவுக்குப் போங்கள். யாப்பகுவவைத் தலைநகராக்கிய அரசன் விட்டுவந்த தலைநகர் இது. கொழும்புக்குக் கிட்ட, கிரிஉல்லவுக்கும் நாரம்மலவுக்கும் இடையில். ஜா-எல, மினுவாங்கொட, திவுலப்பிட்டிய வழியாகக் குருநாகல் போகும் 5 ஆம் இலக்க பஸ் இந்த வழியால் போகிறது.

இங்கும் ஒரு பாறை, அதன்மேல் அரண்மனை அடித்தளம், கீழே அகழி. ஆனால் ஏற்றம் சாய்வானது, பாறையும் அவ்வளவு தனித்து நிற்கவில்லை. யாப்பகுவவை முதலில் பார்த்துவிட்டு வந்தால் புவனேகபாகு ஏன் இடம் மாறினான் என்பது நடந்தாலே விளங்கும். மூன்றாம் விஜயபாகு கட்டிய விஜயசுந்தராராம விகாரையில்தான் தந்ததாது முன்பு இருந்தது. அது இன்றும் வழிபாட்டில் உள்ள இடம், வெள்ளை அல்லது வெளிர் நிற உடுப்பு நல்லது.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. போசராச பண்டிதரின் சரசோதிமாலை என்ற சோதிட நூல் 1310 இல் தம்பதெனியவில், நான்காம் பராக்கிரமபாகுவின் அவையில் அரங்கேறியது. இலங்கையில் எழுந்த தமிழ் நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையதாக அதைச் சொல்கிறார்கள். பாண்டியப் படை யாப்பகுவவைச் சூறையாடி ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. சிங்கள அரசனின் அவை தமிழ்ப் பாட்டைக் கேட்டு உட்கார்ந்திருந்தது. பாறைக்கு ஏறும் வழியில் எங்கள் குழு இதை உரக்கச் சொல்லாமல் விடுவதில்லை.

காலை 7 மணிக்குக் கொழும்பில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். பாறைக்கும் விகாரைக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் தாராளம். திரும்பும்போது மினுவாங்கொடச் சந்தியில் ஞாயிறு நெரிசல் 11 மணியளவில் தொடங்கிவிடும். அதற்குமுன் கடக்க நினைத்தால் காலையில் இன்னும் நேரத்தோடு புறப்படுங்கள்.